செப்புக்காசு சொன்ன சேதி

"பணம் என்றால் பிணமும் வாய் திறக்கும்" என்று நம் முன்னோர் சொல்வார்கள். பிணம் வாய் திறந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பணம் வாய் திறந்து பேசுவதை நாம் நாள்தோறும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். கேட்கத்தான் நமக்கு நேரமில்லை. ஒரு காசின் இரு பக்கத்திலும் உள்ள உருவமும் எழுத்தும் சின்னமும் வெறும் அழகுக்காகப் பொறிக்கப்பட்டவை அல்ல. அந்தக் காசை அடித்த அரசு, தன்னைப் பற்றி மக்கள் என்ன நினைக்கவேண்டும் என்று விரும்பியதோ, அதுதான் அங்கே இருக்கிறது.

செய்தித்தாளும் வானொலியும் இல்லாத காலத்தில் அரசனின் குரல் எத்தனை பேருக்குக் கேட்டிருக்கும்? கல்வெட்டு வெட்டினால் அது ஒரே இடத்தில் நிற்கும். பறை அறைந்தால் ஒரு நாளோடு போகும். காசு அப்படியல்ல. அது ஊர் ஊராக நடக்கும், ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதிலும் பொன்னும் வெள்ளியும் செல்வர் வீட்டுப் பெட்டிக்குள் உறங்கிவிடும். செப்புக்காசும் வெண்கலக்காசும்தான் சந்தையில் மீன் வாங்குகிறவள் கைக்கும், சுமை தூக்குகிறவன் மடிக்கும் போய்ச் சேரும். ஆகவே ஓர் அரசு தன் ஏழைக் குடிமக்களிடம் என்ன பேசியது என்று அறியவேண்டுமானால் அதன் செப்புக்காசைத்தான் பார்க்கவேண்டும் என்பேன். இதை உலகுக்கே செய்து காட்டியவர்கள் ரோமானியர்கள். அதே வித்தையை நம் தமிழ் மன்னர்களும், நான் பிறந்து வளர்ந்த காஞ்சிரங்குளத்தை ஆண்ட திருவிதாங்கூர் அரசும் எப்படிக் கையாண்டார்கள் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ரோமாபுரியின் காசு மேடை

கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில், உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்தபின், அகஸ்டஸ் ரோமாபுரியின் முதல் பேரரசர் ஆனார். அவர் சில்லறை நாணயங்களை ஒழுங்குபடுத்தினார். செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய காசு பித்தளையால் ஆனது; சுமார் 25 கிராம் எடை. அதில் பாதி மதிப்புள்ளது துப்போண்டியஸ். அதிலும் பாதி ஆஸ் என்ற செப்புக்காசு. பதினாறு ஆஸ் கொடுத்தால் தெனாரியஸ் என்னும் ஒரு வெள்ளிக்காசு. பித்தளை, செம்பு இரண்டையும் சேர்த்து இன்று பொதுவாக வெண்கல நாணயம் என்றே அழைக்கிறார்கள்.

இவற்றில் செஸ்டர்ஷியஸ் அகலமான காசு. படம் போடத் தாராளமான இடம். பேரரசர்கள் அதை ஒரு சுவரொட்டியைப் போலவே பயன்படுத்திக்கொண்டார்கள். அகஸ்டஸ் காலத்துக் காசில் ஓர் ஓக் இலை மாலை இருக்கும். குடிமக்களின் உயிரைக் காத்ததற்காக அளிக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான குடிமக்கள் மாண்டார்கள். அந்தப் போரில் வென்றவருக்குத்தான் "உயிர் காத்தவர்" என்ற இந்தப் பட்டம்! அதே காசின் மறுபக்கத்தில், செனட் சபையின் தீர்மானப்படி என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் பெரிதாக நிற்கும். அதிகாரம் ஒருவர் கையில். ஆனால் காசு சபையின் பெயரைச் சொல்கிறது.

நீரோவின் காசு ஒன்று இதைவிடச் சுவையானது. ரோமாபுரியில் ஜானஸ் என்ற தெய்வத்துக்கு ஒரு கோவில் இருந்தது. போர் நடக்கும்போது அதன் கதவு திறந்திருக்கும். எங்கும் அமைதி என்றால்தான் மூடுவார்கள். கி.பி. 65-ஐ ஒட்டி நீரோ வெளியிட்ட காசுகளில் அந்தக் கோவில் மூடிய கதவோடு காட்சி தருகிறது. நிலத்திலும் நீரிலும் ரோம மக்களுக்கு அமைதி வந்துவிட்டது, ஆகவே கதவைச் சாத்தினோம் என்பது வாசகம். கி.பி. 66-ல் யூதேயா நாடே கிளர்ந்தெழுந்தது. கி.பி. 68-ல் நீரோவும் தற்கொலை செய்துகொண்டான்.

அடுத்த ஆண்டு ரோமாபுரி ஒரே வருடத்தில் நான்கு பேரரசர்களைக் கண்டது. ரோமரோடு ரோமர் மோதிய போரின் முடிவில் அரியணை ஏறியவர் வெஸ்பாசியன். இந்த உள்நாட்டுச் சண்டையைப் பற்றிக் காசில் பெருமையடிக்க முடியுமா? முடியாது. கி.பி. 70-ல் எருசலேம் வீழ்ந்தது அவருக்குக் கைகொடுத்தது. ஒரு பேரீச்ச மரம், அதன் கீழே தலைகுனிந்து அழும் ஒரு பெண், பக்கத்தில் நிற்கும் வெற்றி வீரன், "யூதேயா பிடிபட்டது" என்ற வாசகம். கி.பி. 71 முதல் இந்தக் காசுகள் பெருவாரியாக வெளிவந்தன. வெளியே கிடைத்த வெற்றியைக் காட்டி வீட்டுக்குள் நடந்த சண்டையை மறக்கச்செய்வது இன்று நேற்று வந்த தந்திரம் அல்ல.

கடன் தள்ளுபடியைக் கூடக் காசில் காணலாம். கி.பி. 117-ல் ஆட்சிக்கு வந்த ஹேட்ரியன் தொடக்கத்திலேயே கெட்ட பெயர் வாங்கினார். செனட்டர்கள் நால்வர் கொல்லப்பட்டதே காரணம். கி.பி. 118-ல் அவர் அரசுக்கு வரவேண்டிய பழைய பாக்கி 90 கோடி செஸ்டர்ஷியஸைத் தள்ளுபடி செய்து, கடன் பத்திரங்களை நடுவீதியில் தீயிட்டுக் கொளுத்தச் செய்தார். அந்தக் காட்சி அப்படியே காசில் ஏறியது: ஒருவன் தீவட்டியைப் பத்திரக் குவியலில் வைக்கிறான்; சுற்றிலும் எழுத்து, தொகையோடு! வரிப்பாக்கி இருந்தவன் கையில் இந்தக் காசு வந்து விழும்போது அவன் மனம் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மக்கள் கவனித்தார்களா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். தபால்தலையில் என்ன படம் என்று நாம் பார்த்தா ஒட்டுகிறோம்? அதுபோலத்தானே அந்தக் காலத்து மக்களும் காசைப் பார்க்காமலே செலவழித்திருப்பார்கள்? இப்படிச் சொல்லும் வரலாற்றறிஞர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மையும் உண்டு. படிக்கத் தெரிந்தவர்கள் அன்று மிகச் சிலர்தான்.

ஆனால் மக்கள் காசைப் பார்த்தார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. கலிகுலா என்ற கொடுங்கோலன் கி.பி. 41-ல் கொல்லப்பட்டபின், அவன் உருவம் தாங்கிய வெண்கலக் காசுகளை எல்லாம் உருக்கிவிட செனட் சபை தீர்மானித்தது. யாரும் பார்க்காத காசாக இருந்தால் அதை உருக்குவானேன்? எபிக்டெட்டஸ் என்ற தத்துவ ஞானி, மனிதர்களின் குணத்தைச் சொல்ல வந்த இடத்தில் காசை உவமை ஆக்குகிறார். டிராஜன் முகம் உள்ள காசு என்றால் வாங்கிக்கொள்ளலாம், நீரோ முகம் என்றால் அது சொத்தை, வீசிவிடு என்பது அவர் கருத்து. கேட்டவர்களுக்கு அது புரிந்திருக்கிறது. நம் ஊர்த் தேவாலயங்களில் பலமுறை பிரசங்கத்தில் கேட்ட செய்தியும் நினைவுக்கு வருகிறது. வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் இயேசு ஒரு காசைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருப்பது யாருடைய உருவம் என்றுதானே கேட்டார்? அவர்களும் தயங்காமல் பதில் சொன்னார்கள்.

நம் கரைக்கு வந்த காசுகள்

யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. அந்தப் பொன்னும் வெள்ளியும் மண்ணுக்கடியில் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. 1847-ல் கண்ணூருக்கு அருகே கோட்டயத்தில் ஒரு பெரும் பொற்காசுப் புதையல் வெளிப்பட்டது. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. இந்தப் புதுக்கோட்டைக் காசுகளில் ஒரு வேடிக்கை: பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள்! இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன்தான் என்று காட்டவே வெட்டினார்கள் என்று பலர் கருதுகிறார்கள். ரோமாபுரியில் அந்த முகத்தை அவமதித்தால் தலை போயிருக்கும். நம் நாட்டில் அது வெறும் உலோகம்.

செப்புக்காசுகள் பின்னால் வந்தவை. கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னஞ்சிறு ரோமச் செப்புக்காசுகள் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையிலும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடித் திரட்டி 1994-ல் தனி நூலே வெளியிட்டார். இலங்கையில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன; போதாக்குறைக்கு அங்கே உள்ளூரிலேயே அவற்றைப் போலச் செய்தும் புழங்கினார்கள்.

அக்காலத்து ரோமச் செப்புக்காசுகளில் கி.பி. 348-ல் தொடங்கி வெளியான ஒரு வகை உண்டு. ரோமாபுரி தோன்றி 1,100 ஆண்டு நிறைவதை ஒட்டி வந்தது. "நல்ல காலம் திரும்பி வந்தது" என்பது அதன் வாசகம். குதிரையிலிருந்து சரிந்து விழும் பகைவனை ரோம வீரன் ஈட்டியால் குத்துகிறான். ஆனால் கி.பி. 410-ல் ரோமாபுரியையே பகைவர் சூறையாடினர், கி.பி. 476-ல் மேற்கு ரோமப் பேரரசு முடிந்தது. இந்தக் காசுகள் அடிக்கப்பட்ட நாட்டிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, எழுத்துப் புரியாதவர் கையில் உருண்டிருக்கின்றன. காசு சொன்ன சேதி தேய்ந்துவிட்டது. செம்பு மட்டும் செல்லுபடி ஆயிற்று.

நம் மன்னர்களும் பேசினார்கள்

இந்த வித்தை ரோமரின் தனிச்சொத்து அல்ல. சங்ககாலப் பாண்டியர் வெளியிட்ட செப்புக்காசு ஒன்றில் குதிரை உருவமும் "பெருவழுதி" என்ற பெயரும் தமிழ்-பிராமி எழுத்தில் உள்ளன. மறுபக்கம் மீன் சின்னம். புலவர் பாட்டில் மட்டும் கேட்ட ஒரு பெயரைக் கையில் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை இது தந்தது. கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசில் "மாக்கோதை" என்ற பெயரோடு மன்னனின் தலை உருவமே இருக்கிறது. ரோமக் காசைப் பார்த்துத்தான் முகம் பொறிக்கும் எண்ணம் வந்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. ஆனால் பெயர் நம் மொழியில், நம் எழுத்தில். வந்தவனின் வித்தையைக் கற்று, தன் குரலில் பேசினான் சேரன்.

சோழர் காசோ வெற்றிச் செய்தியையே படமாக்கியது. அமர்ந்திருக்கும் புலி, பக்கத்தில் இரண்டு மீன், ஒரு வில். எழுத்தே வேண்டாம், பாண்டியனும் சேரனும் எங்கள் புலிக்குக் கட்டுப்பட்டவர் என்பது குழந்தைக்கும் விளங்கும். தென்கேரளக் கரையைச் சோழர் தாக்கிய காலத்தில் அந்தப் புலிக்காசும் அரசியல் பேசியிருக்கும். முதலாம் இராசராசனின் காசு அமைப்பு இலங்கையில் அப்படியே வேரூன்றி, சோழரை விரட்டிய சிங்கள மன்னர்களும் பின்னர் தங்கள் பெயரை இட்டு அதே மாதிரியில் காசு வெளியிட்டார்கள். மக்கள் ஏற்றுக்கொண்ட உருவத்தை மாற்ற எந்த அரசும் யோசிக்கும்.

சங்கு பொறித்த காசு

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். நெய்யாற்றின்கரைக்கும் விழிஞ்சம் கடற்கரைக்கும் இடையே உள்ளது காஞ்சிரங்குளம். பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அதற்கப்பால் இன்றைய தமிழ்நாடு. 1949 வரை இந்த இரு பக்கமும் ஒரே திருவிதாங்கூர். புழங்கியது ஒரே காசு.

அந்தக் கணக்கை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது 28 சக்கரம். வெள்ளைக்காரன் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம்! பழைய வெள்ளிச் சக்கரம் மிளகளவுக்குச் சிறியது. அதை எண்ணுவதற்கென்றே குழிகள் தோண்டிய சக்கரப் பலகை இருந்தது. பலகையில் அள்ளிப்போட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும். மிச்சத்தைத் தள்ளிவிட்டால் எண்ணிக்கை சரியாக இருக்கும். நம் "காசு" என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் "கேஷ்" ஆகி அந்தச் செப்புக்காசுகளிலேயே ஆங்கிலத்தில் ஏறிக்கொண்டது.

இந்தக் காசுகளின் அடையாளம் சங்கு. ஏன் சங்கு? அதற்கு 1750-க்குப் போகவேண்டும். சிறு வேணாட்டை விரிவாக்கி, அண்டை நாடுகளை வென்று, எதிர்த்த பிரபுக்களை ஒடுக்கிய மார்த்தாண்டவர்மா, அந்த ஆண்டு சனவரியில் தம் நாடு முழுவதையும் ஸ்ரீ பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். அன்று முதல் மன்னர் "பத்மநாப தாசன்", ஆண்டவன் சார்பில் ஆள்பவர் மட்டுமே. பக்தி ஒருபுறம் இருக்க, இதன் அரசியல் பலமும் பெரிது. இனி மன்னரை எதிர்ப்பது சுவாமியை எதிர்ப்பது. அந்தத் தானத்தைப் படிக்காத பாமரனுக்கும் நாள்தோறும் நினைவூட்டியது காசில் இருந்த பத்மநாபனின் சங்கு. ரோமாபுரியில் சபையின் பெயருக்குப் பின்னே பேரரசர் நின்றார். இங்கே சுவாமியின் சங்குக்குப் பின்னே மன்னர் நின்றார்.

என் பாட்டி எழுத்து வாசனை அறியாதவர். ஒரு பிஸ்கட் டின்னில் பழைய காசுகளைப் போட்டு வைத்திருந்தார். சிறுவனாக இருந்தபோது அவற்றைத் தரையில் கொட்டி, எது எந்தக் காசு என்று கேட்பேன். "சங்கு கண்டா நம்ம சக்கரம், தலை கண்டா வெள்ளக்காரனுக்க சக்கரம், மக்களே" என்பார். காசின் அரசியலை எழுத்தறியாதவரும் படித்தார்கள் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தத் "தலை"யும் சும்மா இருக்கவில்லை. விக்டோரியாவின் தலைக்குப் பக்கத்தில் முதலில் "ராணி" என்று இருந்தது. 1877 முதல் "பேரரசி" என்று மாறியது. இந்தியா யாருக்குச் சொந்தம் என்பதை ஒவ்வொரு ரூபாயும் சொல்லத் தொடங்கிற்று. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜின் ரூபாயில் அங்கியிலிருந்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றிபோல் தெரிந்ததால் பெரும் எதிர்ப்புக் கிளம்பி, அந்தக் காசுகளைத் திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு யானையைத் திருத்தினார்கள். மக்கள் காசைப் பார்ப்பதில்லை என்று யார் சொன்னது?

காசு சொல்லாமல் விட்டது

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பனையேறியும், கருப்பட்டி காய்ச்சியும், கயிறு திரித்தும் பிழைத்தவர்கள் பலர். சங்குக் காசைத்தான் கூலியாக வாங்கினார்கள். சங்குக் காசைத்தான் வரியாகக் கட்டினார்கள். ஆனால் அந்தச் சங்குக்குரிய சுவாமியின் கோவிலுக்குள் 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரம் வரும் வரை அவர்கள் கால் வைக்க முடியாது. சுவாமியின் சின்னம் மடியில். சுவாமியின் வாசல் தூரத்தில். நாடு முழுவதும் பத்மநாபனுடையது என்று காசு சொல்லிற்று. பத்மநாபன் எல்லாருக்கும் உரியவன் என்று அது சொல்லவில்லை.

1930-களின் இறுதியில் செப்புச் சக்கரம் ஒன்று வந்தது. அதுவரை செப்புக்காசில் மன்னரின் பெயர் எழுத்துகள்தான் பின்னலாக இருக்கும். இதில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராமவர்மாவின் உருவமே ஏறியது. மறுபக்கத்தில் சங்கு. அதே காலத்தில்தான் பொறுப்பாட்சி கேட்டுத் திருவிதாங்கூர் கொதித்தது. 1938 ஆகஸ்ட் 31-ல் நெய்யாற்றின்கரையில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. வீரராகவன் என்று இன்று நாம் வணங்கும் ராகவன் முதலானோர் உயிர் துறந்தார்கள். காசில் மன்னர் முகம் அமைதியாக இருக்கிறது. வீதியில் நடந்தது அதில் இல்லை. இருக்காது. நீரோவின் மூடிய கதவும் அப்படித்தானே?

மொழியும் ஒரு சேதி

காசில் எந்த மொழி இருக்கிறது என்பதும் அரசியலே. நான் பார்த்த பிற்காலத் திருவிதாங்கூர்ச் செப்புக்காசுகளில் ஆங்கிலமும் மலையாளமும் உள்ளன, தமிழ் இல்லை. தோவாளை முதல் நெய்யாற்றின்கரை வரை தமிழ் பேசிய குடும்பங்களும் அதே காசைத்தான் எண்ணினார்கள். தெற்குத் தாலுகாக்களில் எழுந்த தமிழர் இயக்கத்துக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. காசு அதன் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு தன் மொழியில் பேசவில்லை என்ற மனக்குறைக்கு அந்தக் காசும் ஒரு சிறு சாட்சி. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இரத்தம் சிந்தியபின், 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் அண்ணன் அப்பக்கம், தம்பி இப்பக்கம்.

இதைச் சிறு விஷயம் என்று நினைப்பவர்கள் மொரீஷியஸைப் பார்க்கட்டும். அந்நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் தமிழுக்கு இருந்தது. 1998-ல் வந்த புதிய நோட்டில் தமிழ் அடுத்த இடத்துக்குத் தள்ளப்பட்டது. தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999-ல் தமிழைப் பழைய இடத்திலேயே வைத்து வேறு நோட்டு வெளியிட்டது. ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே. அதற்குள் ஒரு சமூகத்தின் மானம். சிங்கப்பூர்க் காசிலும் இலங்கைக் காசிலும் தமிழ் இருக்கிறது. இந்திய நோட்டின் பின்புறம் பதினைந்து மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு; காசில் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே.

சுதந்திர இந்தியாவும் காசில் பேசத்தான் செய்கிறது. 1974-ல் வந்த பத்துப் பைசாவில் அப்பா, அம்மா, இரு குழந்தைகள் என்று அளவான குடும்பத்தின் படம் இருக்கும். குடும்பம் திட்டமிட்டால் எல்லாருக்கும் உணவு என்பது அதன் சேதி. மிட்டாய் வாங்கக் கொடுத்த காசிலேயே குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம்! நல்ல நோக்கம்தான். ஆனாலும் அது பிரசாரமே.

வீட்டிலுள்ள டின்னைத் திறங்கள்

இத்தனையும் எதற்குச் சொன்னேன் என்றால், இப்படிப்பட்ட டின்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. ஊரில் பழைய வீட்டை இடிக்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும் அவை ஆக்கர்க்காரரின் தராசுக்குப் போய்விடுகின்றன. செம்புக்கு என்ன விலையோ அந்த விலைக்கு எடை போட்டு விற்றுவிடுகிறோம். வெளியூரில் வாழும் நமக்கு ஊரோடு உள்ள தொடர்பு கல்யாணம், சாவு, கொடைவிழா என்று சுருங்கி வருகிறது. தாத்தாவும் பாட்டியும் எந்த அரசின் கீழ், எந்த நிலையில் வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த டின்னைவிடக் கைக்கு அடக்கமான பாடநூல் ஏது?

அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே படிந்த களிம்போடு எழுத்தும் போய்விடும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, யார் வைத்திருந்தது, எந்த ஊரில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது என்றால் அது புதையல். சட்டப்படி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் போகிறவர்கள் நெடுமங்காடு கோயிக்கல் கொட்டாரத்திலுள்ள நாணயக் காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகளையே பார்க்கலாம்.

பிறகு ஒரு காசைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து நான்கு கேள்வி கேளுங்கள். இதில் பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? எந்த மொழியில் பேசுகிறார்? எதைச் சொல்லாமல் விடுகிறார்? முதல் மூன்றுக்கும் காசே விடை சொல்லும். நான்காவதற்கு வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்லவேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.